அறுபத்தோராவது வார்னிங்

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மெஷின் வேலை முடிந்து வெளியே போகிற அன்று, அதற்குள் ஓடப்போகிற நிரலைக் கடைசி முறையாகக் கம்பைல் செய்து, திரையில் வருவதை ஒரு தாளில் அச்சடிப்போம். தாளின் அடியில் எரர் பூஜ்யம், வார்னிங் பூஜ்யம் என்று இருக்க வேண்டும். முதலாளி அதன் நான்கு மூலையிலும் சந்தனம் தொட்டு வைப்பார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தம்பானூரிலிருந்து கிழக்கேகோட்டைக்கு நடந்தே போய்ப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவார். பூஜ்யம் இல்லாத தாளை வைத்துக்கொண்டு தேங்காய் உடைத்ததே இல்லை என்பது அவருக்குப் பெருமை. எனக்கும் பெருமைதான், அந்தப் பூஜ்யத்தை வரவழைக்கிறவள் நான் என்பதால்.

நான் நாஞ்சில் நாட்டுக்காரி. கல்யாணமாகிக் கரமனைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இந்த ஊரில் கம்ப்யூட்டர் வேலை என்றால் கழக்கூட்டத்துப் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிவது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் அலுவலகம் தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேலே, மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஆஸ்பத்திரிகளில் வயதாகிப்போன மெஷின்களுக்குப் புது போர்டு வைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்த முதலாளி, போர்டு வேலை பார்க்கிற பாறசாலைக்காரத் தம்பி, நிரல் எழுதுகிற நான் என்று மொத்தம் மூன்று பேர். மூன்று பேரில் நொரநாட்டியம் பிடித்தவள் யார் என்று லாட்ஜ் வாட்ச்மேனைக் கேட்டாலும் என்னைக் கை காட்டுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதக் கடைசியில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து வேலை வந்தது. மூன்று வார்மர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கிடத்தும் கட்டில் அது. தலைக்கு மேலே சூடு தரும் கம்பி இருக்கும். குழந்தையின் வயிற்றில் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டி, அதன் வயரை மெஷினில் குத்தியிருப்பார்கள். உடம்பு குளிர்ந்தால் மெஷின் சூட்டை ஏற்றும், சூடானால் இறக்கும். வயர் கழன்றுவிட்டால் குழந்தையின் சூடு என்ன என்று மெஷினுக்குத் தெரியாது. அப்போது அது உடனே கம்பியை அணைத்துவிட்டு அலற வேண்டும். அந்த மெஷின் செய்கிற வேலைகளில் வேறு எது பிசகினாலும் சமாளிக்கலாம், இது பிசகக் கூடாது. ஃபியூஸ் ஒன்று தனியாக உண்டு. ஆனால் அது கட்டில் தீப்பிடிக்காமல் காக்கும், குழந்தையின் தோலைக் காக்காது.

பழைய போர்டுகளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது நின்றுபோய்ப் பல வருஷம். அதனால் புது போர்டு, புதுச் சில்லு. நிரல் மட்டும் பழையது. முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ சி மொழியில் எழுதியது. எழுதியவர் பேர் எங்கும் இல்லை. ஆனால் ஆள் கெட்டிக்காரர். ஒரு வரி வீணாக இல்லை, ஒரு விளக்கமும் இல்லை. நாலைந்து இடத்தில் மட்டும் 'தொடாதே' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, அதுவும் ஒரு தப்பு.

அதை இன்றைய கம்பைலரில் முதல் தடவை ஓட்டியபோது வார்னிங் ஆயிரத்தைத் தாண்டியது. எழுதிய நிரலைச் சில்லுக்குப் புரிகிற மொழியில் மாற்றித் தருவதுதான் கம்பைலரின் வேலை. அந்தக் காலத்துக் கம்பைலர் எதைக் கொடுத்தாலும் தலையாட்டிவிட்டு மாற்றித் தந்துவிடும். இன்றைக்கு இருப்பது கல்யாண வீட்டுக்கு வந்த சித்தப்பா மாதிரி, இலையில் உப்பு வைத்த இடம்வரைக்கும் குறை சொல்லும். அதில் முக்கால்வாசி வெறும் நச்சரிப்பு. மீதியில் எங்கேயாவது ஒன்று உயிர் போகிற விஷயமாக இருக்கும். எது நச்சரிப்பு, எது உயிர் என்று பார்த்தால் தெரியாது, எல்லாமே ஒரே நிறத்தில் ஒரே தொனியில் வரும். ஒவ்வொன்றாகப் படிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

படித்தேன். ஜூன் மாதம் முழுக்க மழையும் வார்னிங்குமாகப் போயிற்று. காலையில் கரமனையில் பஸ் ஏறும்போதே முந்தின நாள் விட்ட வரி ஞாபகத்துக்கு வரும். ஆயிரம் எண்ணூறாகி, நானூறாகி, நூற்றுக்குள் வந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்த அந்த நாட்களில் எனக்குக் காரணமில்லாமல் ஒரு பயம் இருந்தது. மழைக்காலத்தில் எனக்கு வழக்கமாக வருகிற மனச்சோர்வு என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

கெடு ஆஸ்பத்திரி வைத்ததல்ல, முதலாளி வைத்தது. "மிதுனம் கழியறதுக்குள்ள மெஷின் போயாகணும். கர்க்கடகம் பொறந்துட்டா ஒரு மாசம் புதுசா ஒண்ணும் கொடுக்கப்படாது, கேட்டேளா?" என்றார். தமிழரின் ஆனிதான் மலையாளிக்கு மிதுனம். தமிழருக்கு ஆடி, மலையாளிக்குக் கர்க்கடகம். இரண்டும் சேர்ந்து பிறக்கிற ஊரில் இந்தக் காரியத்தில் யாரோடும் வாதாட முடியாது. நானும் வாதாடவில்லை. என் மகளின் காலேஜ் சேர்க்கைக்கே நான் ஆனி முடிவதற்குள் பணம் கட்டியவள்.

மிதுனத்தின் கடைசி நாள், மதியம் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரே ஒரு ஃபைல் பாக்கி இருந்தது. சென்சாரைப் படிக்கிற ஃபைல். அதை இரண்டு விதமாகக் கம்பைல் செய்வேன். என் மேசைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஒன்று, மெஷினுக்குள் இருக்கும் சில்லுக்கு ஒன்று. மேசைக்கு அறுபது வார்னிங் வந்தது. சில்லுக்கு அறுபத்தொன்று.

அந்த ஒன்று அதிகமாக இருந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு சில்லும் வேறு வேறு ஜாதி, ஒன்றிரண்டு கூடக்குறைய வரத்தான் செய்யும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அந்த ஃபைலுக்கு மட்டும் ஒரு கட்டளையைச் சேர்த்தேன். மைனஸ் டபிள்யூ. வார்னிங் ஒன்றையும் காட்டாதே என்று அதற்கு அர்த்தம். அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்றுதான் சேர்த்தேன். திரையில் பூஜ்யம் வந்தது. அச்சடித்தேன். முதலாளி சந்தனம் தொட்டு வைத்தார்.

வயரைப் பிடுங்கிப் பார்க்கவில்லையா என்று யாரும் கேட்கலாம். பார்த்தோம். தம்பி சென்சாரை என் மேசைக் கணினியில் இணைத்து ஒரு வாரம் முழுக்கப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் அலறியது. போர்டுகளை மெஷினில் பொருத்திய அன்று சூடு, திரை, பேட்டரி எல்லாம் சரிபார்த்தார். பட்டியலில் 'வயர் கழன்றால் அலாரம்' என்ற இடம் வந்தபோது, "இது முன்னயே நோக்கினதுதானே அக்கா" என்றார். ஆமாம் என்று நான் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். மூன்று மணிக்கு மெஷின்கள் வேனில் ஏறிப் போயின. முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையாரிடம் போனார்.

மறுநாள் கர்க்கடகம் ஒன்று. முதலாளி வீட்டில் ராமாயணம் வாசிப்பு, பத்து மணிக்குத்தான் வருவார். நான் ஒன்பதுக்கே வந்து அந்தக் கட்டளையை எடுத்தேன். அடுத்த வாரம் என்று நினைத்ததை அன்றைக்கே எடுத்ததற்குக் காரணம் கடமை உணர்ச்சி ஒன்றுமில்லை. பொய்த் தாள் ஒன்று என் கையெழுத்தோடு ஃபைலில் கிடக்கிறது என்பது ராத்திரி சோறு இறங்கவிடாமல் உறுத்தியது, அவ்வளவுதான். அறுபத்தொன்றும் திரையில் வந்தன. காபியை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். நாற்பத்தொன்று வரைக்கும் எல்லாம் நச்சரிப்பு. நாற்பத்திரண்டாவதாக வந்த வரி இப்படிச் சொன்னது: இந்த ஒப்பீடு எப்போதும் பொய்.

எந்த ஒப்பீடு என்று அந்த வரிக்குப் போனேன். சென்சார் தந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் கம்பியை அணை, அலறு. அந்த ஒப்பீடுதான்.

எனக்கு முதலில் புரியவில்லை, பிறகு ஒரேயடியாகப் புரிந்தது. வயர் கழன்றால் சென்சாரைப் படிக்கிற வரி மைனஸ் ஒன்று என்று தரும். எழுதியவர் அதைச் சின்ன எண்களைப் போட்டு வைக்கிற ஒரு பெட்டியில் வைத்திருந்தார். அந்தப் பெட்டியில் மைனஸ் எண் நிற்குமா நிற்காதா என்பதைச் சி மொழி கட்டாயமாகச் சொல்வதில்லை, அதைச் சில்லுக்குச் சில்லு அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அவர் காலத்துச் சில்லில் நின்றது. என் மேசைக் கணினியிலும் நிற்கும். புதுச் சில்லில் நிற்காது. அங்கே மைனஸ் ஒன்றைப் போட்டால் இருநூற்று ஐம்பத்தைந்து வரும். பூஜ்யத்துக்குக் கீழே ஒரு எண் வரவே வராது என்று கண்ட கம்பைலர், வராத ஒன்றுக்கு எதற்கு அலாரம் என்று அலறுகிற வரிகள் மொத்தத்தையும் வெட்டிப் போட்டுவிட்டது. வெட்டும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் செய்தது, மேசைக்கு வராமல் அதிகமாக வந்த அந்த அறுபத்தோராவது அதுதான். நான்தான் அதன் வாயைப் பொத்தியிருந்தேன்.

அதோடு முடியவில்லை. அந்தச் சென்சாரில் எண் பெரிதாக ஆக ஆகக் குளிர் என்று அர்த்தம். இருநூற்று ஐம்பத்தைந்து என்றால் குழந்தை விறைத்துப்போகிற குளிர்.

ஸ்பேராக ஒரு புது போர்டு மேசையில் கிடந்தது. தம்பியைக் கூப்பிட்டு வயரைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினார். சத்தம் எதுவும் வரவில்லை. சூட்டைக் காட்டுகிற சின்ன விளக்குகள் இரண்டு எரிந்துகொண்டிருந்தன. அவை மூன்றாகி, நான்காகி, எட்டும் எரிந்தன. தம்பி வயரைக் குத்திவிட்டு மறுபடி பிடுங்கினார். மறுபடியும் எட்டு. "அக்கா" என்றார். கீழே ஸ்டேஷனில் நாகர்கோவில் வண்டிக்கு அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி நம்பரை அவரே போட்டுக் கொடுத்தார்.

குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ் எடுத்தாள். மெஷின் கம்பெனியிலிருந்து என்றதும் சந்தோஷமாகி, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தாள். "நல்ல மெஷினாக்கும் சேச்சி. பழசு உண்டல்லோ, பால் குடுக்க எடுக்கும்போ வயர் ஊரினா ஒடனே கெடந்து அலறும். குஞ்ஞுங்கள்லாம் பேடிச்சுப் போவும். இது மிண்டாம சமாதானமா இருக்கு. டாக்டரும் நல்லதுன்னு பறஞ்சு."

வயர் கழன்றும் மெஷின் மிண்டவில்லை, வாய் திறக்கவில்லை என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது எத்தனை குழந்தை கிடக்கிறது என்று கேட்டேன். இரண்டு. இரண்டுக்கும் வயர் குத்தியிருக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணுக்கு இருக்கு. மத்தது பால் குடிச்சு இப்போ கெடத்தினதேயுள்ளு, ஒரு பத்து மினிட். நல்ல உறக்கமாணு."

"உடனே எடும்மா. குழந்தையை அந்தக் கட்டில்லேருந்து எடு. காரணம் அப்புறம் சொல்றேன், ஓடு."

போனை மேசையில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். அந்தப் பக்கம் ஃபேன் சத்தமும் மழையும் மட்டும் கேட்டன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் சாமி எதையும் கூப்பிடவில்லை. அழு, அழு என்று மட்டும் அந்தக் குழந்தையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அது அழுதது. சோனியான அழுகை, ஆனால் அழுகை.

போர்டை வைத்து நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது முதலாளி நெற்றியில் சந்தனத்தோடு வந்தார். சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கே போய்ச் சரிபண்ணிடுங்கோ. அப்டேட்னு மட்டும் சொன்னாப் போறும். வேறொண்ணும் பேச வேண்டாம், கேட்டேளா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் அவரைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. அதில் பாதி என் மேலேயே உள்ள வெறுப்பு என்று இப்போது தெரிகிறது.

சரிசெய்ய வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பெட்டியில் மைனஸும் நிற்கலாம் என்று சொல்கிற வார்த்தை. சேர்த்துக் கம்பைல் செய்து, ஸ்பேர் போர்டில் ஏற்றிப் பிடுங்கினோம். அலறியது. இருபது தடவை பிடுங்கி இருபது தடவையும் அலறிய பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். அந்த ஃபைலில் இன்னும் பத்தொன்பது வார்னிங் படிக்காமல் கிடந்தது. மற்ற ஃபைல்களில் நான் படித்து நச்சரிப்பு என்று தள்ளிய ஆயிரத்துச் சொச்சத்தையும் இனி அதே கண்ணால் பார்க்க முடியாது. வழி நெடுக அதுதான் மனதில் ஓடியது. மழையில் ஓவர்பிரிட்ஜ் பக்கம் வண்டி நகரவே இல்லை.

வார்டில் இரண்டு வார்மரையும் அணைத்து, குழந்தைகளைத் துணியில் சுற்றி விளக்குக்குக் கீழே வைத்திருந்தார்கள். மூன்றாவது மெஷின் மூலையில் சும்மா நின்றது. மூன்றுக்கும் புது நிரலை ஏற்றினோம். தம்பி ஒவ்வொன்றாக வயரைப் பிடுங்கிக் காட்டினார். மூன்றும் காது கிழிய அலறின. நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது, மிண்டாமல் இருந்தது எதனால் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சரி, குழந்தைகளை மாற்றுங்கள் என்று சொல்லிப் போனார். ஒரு குழந்தையை மாற்றினார்கள்.

மற்றதன் தாய் அதைத் துணியோடு மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். எட்டு விளக்கும் எரிகிற சூட்டில் பத்து நிமிஷம் கிடந்தது அவள் குழந்தைதான். அவளுக்கு இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். புருஷன் கட்டட வேலைக்கு வந்தவன், திருநெல்வேலிப் பக்கம். தம்பியிடம் நான் பேசியதைக் கேட்டு, "யக்கா, நீங்க நம்ம பக்கமா?" என்று கிட்டே வந்தாள். ஆமாம் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. இரண்டு வாரமாக எல்லோரும் மலையாளத்தில் பேசுகிற வார்டில் உட்கார்ந்திருந்தவள். "நம்ம ஊர்க்காரிதான் இந்த மெஷினைச் செஞ்சதா? எனக்கு இப்பம்தான் தைரியமா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, துணியை விலக்கிக் குழந்தையின் நெஞ்சைக் காட்டினாள். ஒன்றரைக் கிலோ இருக்குமோ என்னவோ. தோல் செக்கச்சிவந்து, தொட்டால் வழன்றுவிடும் போல இருந்தது. "இது என்னக்கா செவப்பு? வேர்க்குருன்னு நர்ஸம்மா சொல்லுதாவ."

அப்டேட் என்று சொல்லியிருக்கலாம். நர்ஸ் என்னைப் பார்த்தாள். தம்பி லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தார்.

"வேர்க்குரு இல்லம்மா. வயர் கழண்டது மெஷினுக்குத் தெரியல. சூட்டை ஏத்திக்கிட்டே போயிருக்கு. அது என் தப்பு. நான் ஒண்ணைப் படிக்காம விட்டுட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். துணியை மறுபடி மூடினாள். மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நர்ஸ் குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். "இப்ப சரியாயி. கொண்டா, சூடு குறஞ்சா குஞ்ஞுக்கு ஆபத்தாணு."

அவள் கொடுக்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள். "யக்கா, இது உங்க பிள்ளைன்னா இதுல போடுவியளா?"

போடுவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். மூன்று மெஷினையும் அவள் கண் முன்னால்தான் அலறவைத்துக் காட்டினோம். அந்தக் கட்டிலின் சூடு அந்தக் குழந்தைக்கு வேண்டும் என்பதும் உண்மை. எல்லாம் தெரிந்தும் வாய் வரவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டவளின் வாய் அது.

"போட மாட்டேன்" என்றேன்.

நர்ஸ் என்னை வெட்டிவிடுகிற மாதிரி பார்த்தாள். அந்தப் பெண் திரும்பி உட்கார்ந்து, ரவிக்கையைத் தளர்த்திக் குழந்தையை வெறும் மார்போடு சேர்த்து வைத்து, முந்தானையால் இறுக்கிச் சுற்றினாள். நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கம்பளியை எடுத்து வந்து அவளைப் போர்த்தினாள். இப்படி வைத்தாலும் சூடு கிடைக்கும், ஆனால் நாள் முழுக்க அசையாமல் உட்கார வேண்டும் என்றாள். அவள் தலையாட்டினாள். என்னை அதன் பிறகு அவள் பார்க்கவில்லை.

நாங்கள் கிளம்பினோம். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். இன்னொரு குழந்தை என் மெஷினுக்குக் கீழே கையை விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தாய் ஆபரேஷன் முடிந்து மேல் மாடியில் படுத்திருந்தாள். அவள் என்னை எதுவும் கேட்கவில்லை.